சோறு அங்கே, குழம்பு இங்கே

பினாங்கில் ஒன்பது வருடச் சிநேகத்தின் விலை அரைக் காசு. விலை கட்டியவர் யூசுப். பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டவர் நாகூர் மீரான்.

இருவரும் கடையநல்லூர்க்காரர்கள். ஒரே கப்பலில், ஒரே பாயில் புரண்டு வாந்தியெடுத்தபடி வந்து இறங்கியவர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் சேர்த்த காசில் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு கம்பும் இரண்டு கூடைகளும் வாங்கினார்கள். முன்கூடையில் சோறு, பின்கூடையில் குழம்பு. சோறு வடிப்பது யூசுப், குழம்பு வைப்பது மீரான். இரண்டு பேர் வேலையையும் கம்புதான் சமமாக நிறுத்திக்கொண்டிருந்தது.

மீரானுக்குத் தோள் காய்த்துப்போயிருந்தது. நகராட்சி இன்ஸ்பெக்டரின் தொப்பியைக் கண்டாலே கொதிக்கிற சட்டியோடு சந்துக்குள் ஓடுகிற பிழைப்பு. ஒரு கடை வேண்டும். மேலே கூரை, கீழே பெஞ்சு. அவர் கேட்டது அவ்வளவுதான். பள்ளிவாசலுக்கு எதிரே ஹபீப் முகம்மது முதலாளியின் கடை ஒன்று காலியாகக் கிடந்தது. மாத வாடகை பன்னிரண்டு வெள்ளி, முன்பணம் முப்பது. இருபதைக் கட்டிவிட்டார்கள். மீதிப் பத்தை மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் கடையும் போகும், கட்டிய இருபதும் போகும்.

அந்தச் சமயத்தில்தான் சின்னையா தட்டை நீட்டினான். தொங்கான் படகில் சரக்கு ஏற்றி இறக்குகிறவன், பசி பெரியது.

"குவா கொஞ்சம் கூட ஊத்துங்கலா, அண்ணே."

மீரான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

"அரைக் காசு போச்சு" என்றார் யூசுப்.

"எங்க போச்சு? அவன் வயித்துக்குள்ளதான போச்சு. நாளைக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வருவான்."

"அந்த நாலு பேருக்கும் ஊத்துவ. அப்ப ரெண்டரைக் காசு. நம்ம கடையைத்தான் நீ கரண்டி கரண்டியா ஊத்திக்கிட்டு இருக்க."

"சோத்தைப் பருக்கை எண்ணிப் போடுறவன் பேசுற பேச்சாடே இது?"

"என் சோறு இல்லாட்டி உன் குழம்பை எவன் குடிப்பான்?"

"என் குழம்பு இல்லாட்டி உன் சோத்தைக் காக்கா கூடத் தொடாது."

"அண்ணே, சண்டை ஆறிப்போகாது, சோறு ஆறிரும். அந்தக் கோழித் துண்டை மட்டும் வச்சிருங்க" என்றான் சின்னையா.

வைக்கவில்லை. அன்று சாயங்காலமே பாகம் பிரித்தார்கள். சோற்றுக் கூடை யூசுப்புக்கு, குழம்புக் கூடை மீரானுக்கு. தட்டுகள் பாதிப்பாதி. கம்பை விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. தச்சரைக் கூப்பிட்டு நடுவில் அறுக்கச் சொன்னார்கள். அறுத்த கூலி இருபது காசு, ஆளுக்குப் பத்து. அரைக் கம்பை வைத்துக்கொண்டு பூனையை விரட்டலாம், அதையும் செய்தார்கள்.

மறுநாள் தெருவின் அந்தப் பக்கம் யூசுப் சோற்றோடு உட்கார்ந்தார். இந்தப் பக்கம் மீரான் குழம்போடு. சின்னையா அங்கே சோறு வாங்கி, ரிக்‌ஷாக்களுக்கும் மாட்டுவண்டிகளுக்கும் நடுவே தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தான்.

"யார் சோறு அது?" என்றார் மீரான்.

"யூசுப் பாய் சோறு."

"அதுல என் குழம்பு விழாது. கொட்டிட்டு வா."

"காசு குடுத்த சோத்தைக் கொட்டவா? ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் வயிறு என்ன பாவம் பண்ணுச்சு?"

அவன் போய்விட்டான். அவனைப் போல நாற்பது பேர் போனார்கள். வேறு வழியில்லாமல் மீரான் சோறு வடித்தார். அடியில் கரி, மேலே அரிசி. யூசுப் குழம்பு வைத்தார், வந்தவர் ஒருவர் அதில் கை கழுவிவிட்டு, "குழம்பு எங்கே?" என்று கேட்டாராம். இதைக் கேட்ட மீரான், விற்காத தன் சோற்றை மறந்து அரை நாள் சிரித்தார்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில் மீரான் தனியாக முதலாளியிடம் போனார்.

"மீதிப் பத்து வெள்ளியை நானே கட்டுறேன். கடையை என் பேருக்குக் குடுங்க."

"யூசுப் பதினஞ்சு தர்றேன்னு சொன்னாரே, தம்பி" என்றார் ஹபீப் முகம்மது. யூசுப் அதுவரை அந்தப் படியையே மிதிக்கவில்லை. ஆனால் முதலாளிக்குத் தன் வாயைப் போலவே அடுத்தவர் வாயும் சொந்தம். சாயங்காலம் யூசுப் வந்தபோது, மீரான் பதினெட்டு சொன்னதாகச் சொன்னார். இப்படியே ஏறி இருபதில் வந்து நின்றபோது இருவரிடமும் அடகு வைக்க ஒன்றும் மிச்சமில்லை.

மாதக் கடைசியன்று இருவரையும் ஒன்றாக வரச் சொன்னார். ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"முதலாளி, அந்த ஆளை இன்னும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றார் யூசுப்.

"தள்ளி நிக்க இடம் இல்லன்னு சொல்லுங்க. முதுகுக்குப் பின்னால சுவர் இருக்கு" என்றார் மீரான்.

"சண்டை வேணாம். நான் நியாயஸ்தன்" என்றார் ஹபீப் முகம்மது. "ஆளுக்குப் பாதிக் கடை. நடுவுல பலகை. மீதி முன்பணம் ஆளுக்கு இருபது. வாடகை ஆளுக்குப் பன்னிரண்டு."

"பாதிக் கடைக்கு முழு வாடகையா?" என்றார் மீரான்.

"முழுக் கடை எடுத்தா கூடவே ஒரு பகையாளி இருப்பான். பாதிக் கடையில இருக்க மாட்டான். அதுக்கு ஒரு விலை வேணாமா?"

மீரானுக்குக் கணக்குத் தெரியும். பன்னிரண்டு வெள்ளிக்கு முழுக் கடை இன்னும் அங்கேதான் இருந்தது. 'மச்சான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லத்தான் திரும்பினார். அதற்குள் யூசுப் மடியை அவிழ்த்து, இந்தப் பக்கம் கண்ணைத் திருப்பாமலே, காசை மேசையில் எண்ண ஆரம்பித்திருந்தார். மீரானும் தன் மடியை அவிழ்த்தார்.

பலகை அடித்த செலவையும் முதலாளி அவர்கள் தலையிலேயே கட்டினார்.

கடை திறந்தது. மேலே கூரை இருந்தது. கீழே அரை பெஞ்சு. இருவரும் பழையபடி கைக்கு வந்ததையே விற்றார்கள்; யூசுப் சோற்றைக் கொட்டச் சொல்ல இப்போது மீரானுக்குக் கட்டுப்படியாகவில்லை. வந்தவர்கள் அந்தப் பக்கம் சோறு, இந்தப் பக்கம் குழம்பு என்று இரண்டு முறை படியேறி இறங்கினார்கள். பாதிப் பேர் முதல் தடவையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மாதம் முடிந்த அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மீரான் கணக்குப் போட்டார். விற்றது நாற்பத்தொரு வெள்ளி. இறைச்சி, மசாலா, விறகு இருபத்தொன்பது வெள்ளி ஐம்பது காசு. வாடகை பன்னிரண்டு. பலகையில் தன் பங்கு எண்பது காசு. ஆக நஷ்டம் ஒரு வெள்ளி முப்பது காசு.

தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, பலகைக்கு அந்தப் பக்கம் யூசுப்பும் கணக்குப் பார்ப்பது கேட்டது. வாய்விட்டு எண்ணுகிற மனிதர். நஷ்டம் ஒரு வெள்ளி முப்பத்தைந்து என்று சொல்லி, ஒரு தடவை சரிபார்த்து, மறுபடியும் முப்பத்தைந்து என்றார்.

மீரான் தலையிலிருந்து கையை எடுத்தார். அதிலிருந்து இதைக் கழித்தார். லாபம், ஐந்து காசு.