சுடாத ஓவன்

கண்ணுகளா, ஒரு பொருள் ஐந்து வருஷம் உழைக்குமா என்று தெரிந்துகொள்ள ஐந்து வருஷம் காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதற்காகத்தான் ஒரு கம்பெனியில் ஓர் ஓவன் வைத்திருந்தார்கள். மூச்சுத் திணறும் நோயாளிகளுக்குக் காற்று போகிற ரப்பர் குழாய்களை அதற்குள் வைத்து வாட்டுவார்கள். சூட்டில் ரப்பருக்குச் சீக்கிரமே வயசாகிவிடும். வாரம் ஒரு தடவை வெளியே எடுத்து, எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளந்து, அது போகிற போக்கை வைத்து ஆயுசைக் கணக்குப் போட வேண்டும்.

அந்த வேலை ஒரு பெண்ணுடையது. அங்கே ரப்பர் கொள்முதல் பார்த்தவன் அவளுடைய சொந்த அண்ணன். அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவன்தான். தினமும் காலையில் ஓவன் அறையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போவான்.

இந்தத் தடவை அவன் மலிவான புது ரப்பர் வாங்கியிருந்தான். அது தேறினால் அவனுக்குப் பதவி உயர்வு. வாரங்கள் போயின, குழாய்கள் விறைக்கிற வழியாக இல்லை. தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் வாங்கின ரப்பர் கிழவியாவே மாட்டேங்குது."

"அதுல கொஞ்சம் எனக்கும் எடுத்துட்டு வா, மூஞ்சில பூசிக்கிறேன்" என்றாள் அண்ணி.

கடைசி அளவெடுக்கும் நாள் காலையில், ஏதோ நினைப்பில் கையுறை போடாமல் ஓவனுக்குள் கையை விட்டுவிட்டாள். பதறி இழுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கை சுடவில்லை.

வெளியே திரையில் சூடு சரியாகத்தான் காட்டியது. குனிந்து உள்ளே பார்த்தாள். குழாய்களுக்கு நடுவே தொங்கிச் சூட்டை அளக்க வேண்டிய சென்சார் வயரை யாரோ ஹீட்டரோடு ஒட்டிக் கட்டியிருந்தார்கள். திரை ஹீட்டரின் சூட்டைச் சொல்லிக்கொண்டிருக்க, குழாய்கள் சுகமாகக் குளிர் காய்ந்துகொண்டிருந்தன.

வழக்கம்போல் அங்கே உட்கார்ந்திருந்த அண்ணன் டீக்கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயாண்ணா?"

"மெதுவா பேசு. இப்ப என்ன ஆயிடுச்சு?"

"இது மூச்சு போற குழாய். விறைச்சு வெடிச்சா அந்த ஆளு கதி?"

"உடனேவா வெடிக்கப் போகுது? பாஸ்னு சொல்லு, போதும். நீ சொன்னா யாரும் திருப்பிப் பாக்க மாட்டாங்க. அந்த தைரியத்துலதான் செஞ்சேன்."

வயரை மாற்றிக் கட்டியதைக்கூட அவள் பொறுத்திருப்பாள், கண்ணுகளா. தன் நேர்மையை அவன் போர்வையாக எடுத்துப் போர்த்திக்கொண்டதுதான் நெஞ்சை அறுத்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். "என்னம்மா, தேறிடுச்சா?"

"இல்ல சார். ஓவன் சூடாவே இல்ல. சென்சார் இடம் மாறியிருக்கு. முதல்லேருந்து செய்யணும்."

"யார் மாத்தினது?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணனே ஒத்துக்கொள்ளட்டும், வருவதை அவன் பக்கத்தில் நின்று தாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள்.

அண்ணன் தொண்டையைச் செருமினான். "தங்கச்சிதான் சார், துடைக்கும்போது தெரியாம மாத்திக் கட்டியிருப்பா. ஏதோ பண்ணிட்டா, இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

அவளுக்காகக் கெஞ்சவும் செய்தான், பாருங்கள்.

அவள் அழவில்லை. வயரை அவிழ்த்து அதன் இடத்தில் தொங்கவிட்டாள். அதே ரப்பரில் வேறு குழாய்களை அடுக்கி, ஓவனைப் பூட்டி, சாவியை மேனேஜரிடம் நீட்டினாள். "நீங்களே வச்சுக்குங்க சார். அளவெடுக்கும்போது கூட நில்லுங்க. எங்க ரெண்டு பேர்ல யாரையும் நம்ப வேணாம்."

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் முதல் அளவிலேயே தெரிந்துவிட்டது. வளைத்த குழாய் அவர் கண்ணெதிரே வெடித்தது. அந்த ரப்பர் ஒரு நோயாளியிடமும் போகவில்லை.

அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே அண்ணன் அவள் பின்னாலேயே ஓடிவந்தான். "நில்லு. வீட்டுல இதப் பத்தி மூச்சு விடாத. அண்ணிக்குத் தெரிஞ்சா அவமானம்."

"நான் சொல்லல" என்றாள் அவள். "நீங்க போங்க."

அண்ணனிடம் அதற்குமுன் அவள் ஒரு நாளும் 'நீங்க' என்று மரியாதையாகப் பேசியதே கிடையாது.