பிலோமினா வீட்டில் குட்டியாக இருந்தது

ஜாதிப் பூனைக்குட்டி வாங்க நினைக்கும் குடும்பம், முதலில் தன் வீட்டு ஆள் ஒருவரைக் குட்டியாக, பூனை வளர்த்து விற்கும் பிரீடரிடம் விட்டுவைப்பது எங்கள் ஊரில் வழக்கம். அவர் எப்படி வளர்க்கிறார் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்ப்பார்கள். விட்ட ஆள் தேறியிருந்தால் அங்கே குட்டி எடுக்கலாம். எங்கள் குடியிருப்பில் மேல்மாடிக்காரர்கள் மாமனாரை விட்டிருந்தார்கள். அவர் உடம்பெல்லாம் உண்ணியோடு திரும்பி வந்தார். அந்த பிரீடரிடம் இப்போது யாரும் போவதில்லை.

என் மனைவி சுகுணாவுக்கு பெர்ஷியன் குட்டி மேல் ஆசை. யாரை விடுவது என்ற பேச்சே எழவில்லை. வீட்டில் இருப்பது நாங்கள் இருவர்தான். அவளுக்கு வேலை இருந்தது. நானும் வங்கிக்குப் போய்வருகிறவன்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் யோசிக்கிறேன். விடுப்பு கேட்டபோது மேலாளர் என்ன இனம் என்று மட்டும் கேட்டார். பெர்ஷியன் என்றேன். முடி கொட்டும் என்றார்.

பிரீடர் பெயர் பிலோமினா. பாலக்கரையில் வீடு. சுகுணா ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. "நல்லாக் கவனிங்க. நீங்க பாட்டுக்கு யோசனையில உக்காந்துடாதீங்க" என்றாள். பிலோமினா என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். சிரமப்பட்டதாகத் தெரியவில்லை.

என்னோடு நான்கு குட்டிகள் இருந்தன. கூண்டு கிடையாது, கூடம் முழுவதும் எங்களுடையது. பிலோமினாவின் கணவர் கொல்லையில் தகரக் கொட்டகையில் இருந்தார். அவருக்கும் வேளாவேளைக்குத் தட்டு போனது.

காலையில் வெந்நீரில் நனைத்த பஞ்சால் என் கண்களைத் துடைத்தார் பிலோமினா. காதுக்குள் பார்த்தார். நகம் வெட்டினார். பூச்சி மருந்தை வாயில் ஊற்றி, விழுங்கும்வரை தொண்டையை நீவிவிட்டார். வேகவைத்த கோழியை நாராகப் பிய்த்து ஊட்டினார். நான் சைவம் என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. மாலையில் மடியில் படுக்கவைத்துத் தலையைச் சீவினார். அப்போது என் தொண்டையிலிருந்து கர் கர் என்று ஒரு சத்தம் வந்தது. மற்ற குட்டிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் வந்தது குறை கண்டுபிடிக்க. ஒன்றும் அகப்படவில்லை. இது நேர்மையான மதிப்பீடா, வயிறு நிறைந்தவனின் மதிப்பீடா என்று படுத்தபடியே யோசித்தேன். எப்படியானாலும் ஞாயிற்றுக்கிழமை சுகுணா வந்ததும் நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போக வேண்டும் என்பதில் மட்டும் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். என் முடியை எதிர்ப்பக்கமாகக் கோதிப் பார்த்தாள். பளபளப்பு வந்திருந்தது. திருப்தியாகி, ஒரு சாம்பல் நிறக் குட்டியைத் தேர்ந்தெடுத்தாள். பிறகு என்னைக் கிளம்பச் சொன்னாள். பிலோமினா குறுக்கே கையை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்கம்மா. இவர அனுப்பறதுக்கு முன்னாடி நான் கேக்க வேண்டியது இருக்கு."

இரவில் எங்கே படுப்பார், பகலில் பேச்சுக்கு ஆள் உண்டா என்று கேட்டார். சுகுணா மறைக்காமல் சொன்னாள். படுப்பது ஹாலில், அதுவும் டிவியை அணைத்த பிறகு. பேச்சு, கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் உண்டு. கடைசியாக எப்போது தடவிக்கொடுத்தீர்கள் என்ற கேள்விக்குச் சற்று யோசித்து, பழைய வீட்டில் இருந்தபோது என்றாள்.

"வந்த புதுசுல பேரச் சொல்லிக் கூப்பிட்டா 'இதோ பண்ணிடறேன்'னு எழுந்து நிப்பாரு. இப்பதான் தேறி வர்றாரு. உங்க வீட்டுக்கு நான் குடுக்கறதா இல்ல" என்றார் பிலோமினா.

நான் சுகுணாவைப் பார்த்தேன். கொசுறு கறிவேப்பிலைக்குக் கடையில் போடுவதைப் போல ஒரு சண்டை எனக்காகவும் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இப்படி ஒருத்தரத்தான் தேடிட்டிருந்தேன். வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுக்கறவங்ககிட்ட எடுக்கவே கூடாது."

குட்டியைப் பற்றியும் அதே கேள்விகளைக் கேட்டார் பிலோமினா. அவற்றுக்கு அவளிடம் நல்ல பதில்கள் இருந்தன. கட்டிலில் பக்கத்திலேயே படுக்கவைப்பாள். நாளெல்லாம் பேசுவாள். பால்கனிக்கு வலை அடித்தாயிற்று. போகும்போது என் தலையைத் தொட வந்தாள். கையைக் கழுவிவிட்டுத் தொடச் சொன்னார் பிலோமினா. வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அவள் கிளம்பிவிட்டாள்.

பிற்பகலில் தஞ்சாவூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். குட்டிகளைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். எந்த வீட்டுக்கு என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கணவர் என் பல்லைப் பார்த்தார். மனைவி பூர்வீகம் எது என்று கேட்டார். அப்படிக் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

"இருந்தாலும் தாயப் பாக்காம எடுக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே" என்றார் அந்த அம்மாள்.

நியாயம்தான் என்று பிலோமினா உள்ளறைக் கதவைத் திறந்தார். என் அம்மா வந்தாள். அவள் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனபோது உடுத்தியிருந்த அரக்குப் புடவையில் இருந்தாள். அவளுடைய கண்களையும் ஈறுகளையும் பார்த்துவிட்டு, பிள்ளையின் சுபாவம் எப்படி என்று விசாரித்தார்கள்.

"எங்க விட்டாலும் கெடப்பான். ஒண்ணும் கேக்க மாட்டான்" என்றாள் அம்மா.

அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. கணவர் முன்னால் போய்க் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அம்மா குனிந்து என் பிடரியைப் பல்லால் மெதுவாகக் கவ்வித் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். என் கால்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன.