ரயிலுக்கு அடியில் ஒரு படுக்கை

என் வீட்டுக்காரருக்குப் பல் செட் செய்வது தொழில். யாரோ ஒருவர் வாயின் அச்சை வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தப் பல் கோத்து, மெருகேற்றி அனுப்புவார். அதே கைதான் வீட்டுக்கு வந்து ரயில் விடுகிறது. பிளைவுட் மேஜைமேல் தண்டவாளம், தெர்மாகோலைச் செதுக்கி பிளாஸ்டர் பூசிய மலை, பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளில் புல்வெளி, தீப்பெட்டி அளவில் வீடுகள். எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு என்பார். அவருடைய மலைகளைப் பார்த்தால் எனக்குக் கடைவாய்ப்பல்தான் ஞாபகம் வரும். சொல்லியும் இருக்கிறேன். "கடைவாய்ப்பல்லும் அழகுதான்" என்றார். அவரோடு சண்டை போடுவது அவ்வளவு சுலபமில்லை.

ரயில் முதலில் கூடத்தில்தான் இருந்தது. சாப்பாட்டு மேஜையைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். நாற்காலியில் பசை, தண்ணீர் ஜாடியில் மரத்தூள். ஒருநாள் என் செருப்புக்குள் சின்ன மனிதன் ஒருவன் கையில் பெட்டியோடு கிடந்தான். பொறுக்காமல் நான்தான் சொன்னேன், "பின்னறை சும்மாதானே கிடக்கு, அங்க கொண்டு போங்களேன்" என்று.

பின்னறை அவருடைய தங்கையின் அறை. சிட்டு என்று கூப்பிடுவோம், ஆள் அவ்வளவு சின்னது. கல்யாணமாகிப் போன அன்று, "எப்ப வந்தாலும் இது உன் ரூம்" என்று இவர் வாசலில் நின்று சொன்னார். இவருக்கு வாய் சர்க்கரை. அறையும் நெடுநாள் அவள் விட்டுப்போனபடிதான் இருந்தது. அதனால் இவர் தயங்கினார். "சிட்டு வந்தா?" என்றார். "வந்தா பாத்துக்கலாம், மேஜைதானே" என்றேன்.

ஆனால் அந்த ரயிலுக்கு அறையின் நீளம் போதவில்லை. வளைவு இறுக்கமாக இருந்தால் பெட்டி கவிழுமாம், அகலமாகத் திரும்ப வேண்டுமாம். ஒரு முழம் இடித்தது. இவர் டேப்பை வைத்துக்கொண்டு சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரி முன்னால் விழித்துக்கொண்டு நின்றார். "அதுக்குள்ள விட்டுத் திருப்புங்க, குகை மாதிரி இருக்கும்" என்றேன். உள்ளே சிட்டுவின் பழைய துணிமணிகள் இருந்தன. நானே மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். நானே டார்ச் பிடித்தேன், இவர் அலமாரியின் பக்கப்பலகையில் இரண்டு ஓட்டை போட்டார். ரயிலில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்துவிட்டதே என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கு ரயிலில் என்ன அக்கறை? சிட்டு அப்போதெல்லாம் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு போன் பண்ண ஆரம்பித்திருந்தாள். அவள் புருஷன் அடிப்பவன் இல்லை, குடிப்பவன் இல்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவான், அவ்வளவுதான். மாதக்கணக்கில். அவள் வைத்த தட்டைத் தள்ளிவிட்டுத் தானே போட்டுச் சாப்பிடுவான். அவள் எதிரே வந்தால் கதவைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். "சுவத்தோட பேசினாக்கூட எதிரொலியாவது வரும் அண்ணி" என்று ஒருநாள் சொன்னாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதோடு, ஒருநாள் இவள் பெட்டியோடு வந்து நிற்பாள் என்றும், வந்தால் லேசில் போகமாட்டாள் என்றும் தெரிந்துவிட்டது. நான் கல் நெஞ்சுக்காரி இல்லை. மாமனார் மாமியார் இருவரையும் கடைசிவரை குளிப்பாட்டித் துடைத்தவள். அவர்கள் போன பிறகு இப்போதுதான் இது என் வீடு என்று மூச்சு விட்டிருந்தேன். அதைப் பங்கு போட மனசில்லை. அதை நான் வாய் திறந்து சொல்ல வேண்டாம், ரயிலே சொல்லிவிடும்.

போன வாரம் சிட்டு தன் அண்ணனுக்கே போன் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், கொஞ்ச நாள் இருக்கலாம் என்று நினைக்கிறேன் என்றாள். இவர் என்ன சொல்லியிருப்பார்? "வாம்மா, உன் ரூம் அப்படியேதான் இருக்கு." சொல்லிவிட்டு போனை வைத்தவர் முகம் நனைந்த கோழி மாதிரி ஆகிவிட்டது.

"உண்மையைச் சொல்லிடுங்க" என்றேன். அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"எப்படிச் சொல்றது? பிரிச்சு வச்சிடுறேன்."

பிரிக்கத்தான் முடியாது. இப்படி வீட்டில் ரயில் விடுகிறவர்கள் மேஜையைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டு போட்டு இணைப்பார்களாம், வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம். இவரும் அப்படித்தான் ஆரம்பித்தார். அப்புறம், இரண்டு பலகை சேரும் இடத்தில் புல்வெளியின் குறுக்கே கோடு தெரிகிறது என்று அவருக்குத் தூக்கம் போயிற்று. ஈறில் இடைவெளி தெரியாமல் பூசிப் பழகிய கையல்லவா? பிளாஸ்டரைக் குழைத்து இணைப்பையும் போல்ட்டையும் சேர்த்து மூடி, மேலே புல்லும் விதைத்துவிட்டார். இப்போது போல்ட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

சனிக்கிழமை முழுக்கப் பின்னறையில் உருட்டும் சத்தம். ரம்பம் எடுத்துவிட்டார் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். மனிதர் மேஜைக்கு அடியில் கிடந்த பலகைகளையும் டப்பாக்களையும் வெளியே தள்ளிவிட்டு, அங்கே மெத்தை விரித்திருந்தார். நல்ல உறை போட்ட தலையணை. படிக்க ஒரு விளக்கு. மேஜை விளிம்பில் கம்பி கட்டித் திரை.

"சிட்டு குள்ளம்தானே" என்றார். "உக்காந்தாக்கூட இடிக்காது. அளந்துட்டேன்."

"தங்கச்சியை மேஜைக்கு அடியில படுக்க வைக்கப் போறீங்களா? நாய்க்குட்டியா அவ?"

"கொஞ்ச நாள்தானே. திரை போட்டா தனி ரூம் மாதிரி."

அவர் கேலி செய்யவில்லை. இரண்டையும் காப்பாற்ற வழி கண்டுபிடித்துவிட்டதாக மனசார நம்பினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால், "எங்க ரூம்ல என்னோட படுக்கட்டும், நீங்க கூடத்துல படுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிட்டு வந்தாள். தோளில் ஒரு பை மட்டும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கீழ தையக்கடையில..." என்று எதையோ சொல்ல ஆரம்பித்தாள், இவர் அதற்குள், "வா வா, ஒண்ணு காட்டுறேன்" என்று கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துப் போய்விட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர் இதைவிட நிதானமாக மறைப்பார்.

அறை வாசலில் சிட்டு நின்றாள். கட்டில் இருந்த இடத்தில் மலை. மேஜை நாற்காலி இருந்த இடத்தில் ஸ்டேஷன். இவர் சுவிட்சைப் போட, ஸ்டேஷன் விளக்குகள் எரிந்தன, ரயில் கிளம்பிற்று.

"நீயே செஞ்சியாண்ணா?" என்றாள். அந்தக் குரலில் நிஜமாகவே ஆச்சரியம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உனக்கும் இடம் பண்ணியிருக்கேன்" என்று திரையை விலக்கிக் காட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையணை உறையைச் சரிசெய்யக் குனிந்தேன். அவள் பையைக் கழற்றிவிட்டு உள்ளே தவழ்ந்து போய்ப் படுத்தாள். மேலே ரயில் ஓடியது. "எப்படி இருக்கு?" என்று இவர் குனிந்து கேட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்து உட்கார்ந்தாள். இவர் உயரத்தைத்தான் அளந்திருந்தார், தொங்கும் ஒயர்களை அளக்கவில்லை. அவள் தலை பட்டு ஏதோ பிய்ந்தது. ஸ்டேஷன் இருண்டது.

"ஐயோ, பாத்து!" என்று கத்தினார். கத்திவிட்டு ஸ்டேஷனைத்தான் பார்த்தார்.

"ஸாரிண்ணா" என்றாள் சிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து.

வெளியே வந்தவள், சும்மா நிற்க முடியாமலோ என்னவோ, பையிலிருந்து இரண்டு துணிகளை எடுத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். உள்ளே தண்டவாளம் வளைந்து கிடந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து ரயில் ஓட்டை வழியாக உள்ளே வந்து, அவள் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே போயிற்று. கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"என் துணியெல்லாம் அண்ணி?"

"பரண்ல இருக்கு. பத்திரமா கட்டி வச்சிருக்கேன்."

தலையாட்டினாள். கட்டி வைத்தது நான்தான் என்று இப்போது அவளுக்குத் தெரியும். அலமாரியைச் சத்தமில்லாமல் மூடினாள். கூடத்துக்கு வந்து நான் கொடுத்த காபியைக் குடித்தாள். "ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றாள். "அவரு தனியா இருப்பாரு."

"இருந்துட்டுப் போயேன்" என்றார் இவர். நானும் சொன்னேன். போகிற விருந்தாளியிடம் சொல்கிற அந்தக் குரலில் சொன்னேன். அவளுக்குக் காது இருக்கிறது.

அவள் படியிறங்கியதும் நான் பால்கனிக்குப் போனேன். கீழே தையற்கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பெரிய பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து அவள் பக்கத்தில் வைத்தார். கல்யாணத்தன்று கொண்டுபோன பெட்டி. அண்ணன் வந்து தூக்கிக்கொள்ளட்டும் என்று அங்கே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அதைச் சாய்த்து இழுத்துக்கொண்டு தெருவோடு போனாள். சக்கரம் ஒன்று உடைந்திருந்ததால் பெட்டி ஒரு பக்கமாகக் கோணியது, நின்று நின்று இழுத்தாள். "சிட்டு" என்று ஒரு குரல் கொடுத்தால் கேட்கும் தூரம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெரு முனை வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

உள்ளே வந்தால் இவர் ஒயரை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, சும்மா பாக்கத்தான் வந்திருக்கா. நாமதான் பயந்துட்டோம்" என்றார். எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொங்கியது. என்மேல் வந்த ஆத்திரம்தான், ஆனால் அவர்தானே எதிரே இருந்தார்.

"பெட்டியோட வந்திருக்கா உங்க தங்கச்சி! அவனை விட்டுட்டு வந்திருக்கா! தையக்கடைக்காரர் சொன்னாரு."

கடைக்காரர் சொல்லவில்லை. நான் பார்த்தேன் என்று சொன்னால், ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நான் பழியை நகர்த்தி வைத்துவிட்டேன். இவர் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு மெத்தையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை வேலைக்குப் போகவில்லை. ரம்பத்தை எடுத்தார். போல்ட்டைத் தேடவெல்லாம் இல்லை, புல்வெளியின் நடுவே வைத்து அறுத்தார். பிளாஸ்டர் பொடி அறை முழுக்கப் பறந்தது. மலை இரண்டாகப் பிளந்தபோது உள்ளே வெறும் தெர்மாகோல். நானும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். ஆனாலும் இரண்டு பேருக்கும் வெறி வந்ததுபோல் வேலை நடந்தது. பலகைகளைக் கீழே கொண்டுபோய்ப் போட்டார். பரணிலிருந்து மூட்டையை இறக்கி, துணிகளை உதறி இஸ்திரி போட்டு அலமாரியில் தொங்கவிட்டேன். ஓட்டைகளை அட்டை வைத்து மூடினேன். இனிமேல் வந்துவிடுவாள், வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று நினைத்தபோது மனசு லேசாகக்கூட ஆயிற்று. அப்புறம் நானே போன் பண்ணினேன்.

"சிட்டு, ரூம் ரெடியா இருக்கு. கிளம்பி வா."

"எந்த ரூம் அண்ணி?" மெதுவாகப் பேசினாள். அவன் வீட்டில் இருக்கிறான் என்று புரிந்தது.

"உன் ரூம்தான். அண்ணன் ரயிலை எடுத்துட்டாரு."

"ஐயோ, ஏன்? எவ்வளவு அழகா செஞ்சிருந்தான்."

"அதை விடு. நீ வா."

"நான் வீட்டுக்கு வந்துட்டேன் அண்ணி. நேத்து வந்தப்ப உள்பக்கம் தாழ் போட்டிருந்தாரு. தட்டித் தட்டிப் பாத்தேன். அப்புறம் வெளியில நின்னுக்கிட்டே மன்னிப்புக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் திறந்துட்டாரு."

"எதுக்குடி மன்னிப்பு?"

"கிளம்பிப் போனதுக்கு."

"பேசினாரா?"

"இல்ல."

"நாங்க இப்பவே வந்து உன்னைக் கூட்டிட்டு வர்றோம்."

"வேணாம் அண்ணி. எனக்குப் போக இடமில்லைன்னு இத்தனை நாள் அவரு சும்மா நெனச்சிட்டு இருந்தாரு. இப்ப அவருக்கு நிச்சயமாத் தெரிஞ்சுபோச்சு." இன்னும் மெதுவாக, "எனக்கும்தான்" என்றாள். "வச்சிடுறேன்."

இவர் துடைப்பத்தோடு வந்து நின்றார். தலை, புருவம் எல்லாம் வெள்ளையாக இருந்தது. "எப்ப வராளாம்? போய்க் கூட்டிட்டு வரவா?"

"வரலையாம்."

"கோபமா? குடு, நான் பேசுறேன். எல்லாம் என்னாலதானே."

"உங்களால இல்ல" என்றேன். "என்னால."

அதை அவர் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார். துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு என் தோளில் கை வைத்து, "நீ என்ன பண்ணுவ, நீயும் சொல்லித்தானே பாத்த" என்றார்.

நான் மறுபடி சொல்லவில்லை.