வத்தல் அரைத்த ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மில்லைத் திறக்கும் வழக்கம் தங்கப்பனுக்குக் கிடையாது. அன்று மத்தியானச் சோறு உண்ட கையோடு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இரண்டு சாக்கு வத்தல் மிளகாயை மில்லுக்குள் இழுத்துப் போட்டார். குன்னத்துகாலில் கல்யாண வீடு எதுவும் இல்லை. ஓட்டல்காரர் யாரும் பொடி கேட்கவும் இல்லை. மகள் லேகாவைப் பெண் பார்க்கக் குளத்தூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதற்காகத்தான் வத்தல்.

அவர் மனைவி விமலகுமாரி அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"நினைச்சுத்தான் செய்யுதியளா? பொடி இருக்க எடத்துல பிள்ள நிக்கப்பிடாதுண்ணு டாக்டரு சொன்னாருல்லா?"

"ஒரு மணிக்கூறு. அவிய போனதும் நிறுத்திருவேன்."

"அவ நெஞ்சு தாங்குமா?"

"அவ இருமும்போ அவியளும் இருமணும். வேற வழி உண்டுண்ணா நீ சொல்லு."

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அந்த வீட்டில் இருமாமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. விருந்துக்கு வந்தவர்கள்கூட முதலில் இருமிவிட்டுத்தான் சுகம் விசாரிப்பார்கள். அதனால் போன ஆடியில், கர்க்கடக மழையில் லேகா இருமத் தொடங்கியபோது யாரும் காது கொடுக்கவில்லை. வத்தல் பொடியாக்கும் என்றார் தங்கப்பன். பனங்கற்கண்டை வாயில் போட்டு அடக்கிக்கொண்டு, அவள் பாறசாலை டுட்டோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்வந்தாள். அந்தி சாய்ந்தால் காய்ச்சல் வந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. கைக்குட்டையில் ரத்தம் கண்ட அன்றைக்குத்தான் வீடு விழித்துக்கொண்டது. உலகத்தில் எந்தத் தகப்பனுக்கும் மகளின் இருமல் கேட்டிருக்கும், தன் காதை மட்டும் மில் தின்றுவிட்டது என்று தங்கப்பன் உள்ளுக்குள் அழுதார். ஆண்பிள்ளை அழுகை, வெளியே கோபமாகத்தான் வந்தது.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்றால், வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் அவர் மில்லுக்கு வருகிறவர்கள். சயரோகம் உள்ள வீட்டில் யார் மாவு பொடிக்க வருவார்கள்? காதும் காதும் வைத்தாற்போல் அவளைக் களியக்காவிளை தாண்டிக் கூட்டிப்போய், தமிழ்நாட்டு டாக்டர் ஒருவரிடம் வேறு பெயர் சொல்லிக் காட்டினார். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கடிந்துகொண்டார். மருந்து விடாமல் தின்றால் நோய் மாறும், ஆனால் பொடியும் புகையும் ஆகாது, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்றார். தள்ளிப்போட லேகாவின் வயது இடம் கொடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கோ கல்ஃபுக்குத் திரும்ப நாள் நெருங்கிவிட்டது.

லேகா சேலை உடுத்துக்கொண்டு மில் வாசலுக்கு வந்தாள். இரண்டாம் தடவை பிடித்துத் தைத்த ஜாக்கெட் அப்போதும் தோளில் தொளதொளத்தது.

"அப்பா, உள்ளத சொல்லீரலாமே. மருந்து தின்னா மாறுமுண்ணுதான சொன்னாரு."

"மாறும் மக்கா. மாறுனப்பெறவு சொல்லுவோம்."

"மாறுனப்பெறவு சொல்ல என்ன இருக்கு?"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலானது. தங்கப்பன் வேறு பக்கம் திரும்பி சுவிட்சைப் போட்டார்.

கார் வந்து நின்றபோது முற்றம் முழுக்க நெடி ஏறியிருந்தது. மாப்பிள்ளை ஜெயதாஸ் நாற்காலியில் உட்காரும் முன்பே தும்மினான். கூட வந்த மாமன் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிவப்பாக்கிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா பிரேமகுமாரிக்கு இருமலோடு சிரிப்பும் வந்தது.

"தங்கப்பண்ணா, எங்கள பொடிச்சு எடுக்கவா விளிச்சிய?"

"அர்ஜென்ட் ஓடராக்கும். ஒண்ணும் நினைக்கப்பிடாது," என்றார் தங்கப்பன், மில் வாசலில் நின்றபடி.

"நிறுத்தாதிய. தொழிலுல்லா சோறு போடுது."

எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் இருமினார்கள். லேகா தேநீர்த் தட்டோடு வந்து இருமியபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயதாஸ் மட்டும் கண்ணீர் வழிய அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஒங்களுக்கு இது சீலமாயிருக்கும், இல்லியா?"

"இன்னும் பழகல," என்றாள். தட்டை வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக உள்ளே போனாள். அவன் பார்வை பின்னாலேயே போனதைத் தங்கப்பன் பார்த்தார். அவர் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. திரும்பி, இன்னும் இரண்டு கை வத்தலை அள்ளித் தொட்டியில் போட்டார். பிள்ளை உள்ளே என்ன பாடுபடுகிறாள் என்று நினைத்தார், நினைத்துக்கொண்டேதான் போட்டார்.

"பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சுது," என்று பிரேமகுமாரி மில் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "கல்யாணத்த வாற சிங்ங மாசத்துலயே வச்சுக்கிடலாமா?"

அப்போது கரண்ட் போனது. அந்த வருஷம் அது போக நேரம் காலம் கிடையாது. பெல்ட் தடதடவென்று அடித்து, வேகம் குறைந்து, நின்றது. தங்கப்பன் சுவிட்சை மேலும் கீழும் தட்டினார். பொடி மெல்ல அடங்கியது. மாமன் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார். ஜெயதாஸ் தொண்டையைச் செருமித் தேநீரை எடுத்தான். பிரேமகுமாரியும் இருமி முடித்து முகத்தைத் துடைத்தாள்.

உள்ளறையில் ஒரு இருமல் மட்டும் நிற்கவில்லை. அடியிலிருந்து, ஈரமாக, ஒன்று அடுத்ததை இழுத்துக்கொண்டு வந்தது. நடுவே விமலகுமாரி ஏதோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. துப்பும் சத்தமும் கேட்டது.

பிரேமகுமாரி முகம் துடைத்த கையை இறக்காமல் உள்வாசலைப் பார்த்தாள்.

தங்கப்பனுக்குத் தொண்டையில் ஒரு கமறலும் இல்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் கையை வைத்து, இருமினார். பலமாக இருமினார். சற்றுப் பொறுத்து உள்ளேயிருந்து விமலகுமாரியும் இருமத் தொடங்கினாள். ஜெயதாஸ் தேநீரைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அவன் அம்மா எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, உள்ளறையைப் பார்த்து நடந்தாள். தங்கப்பன் இருமிக்கொண்டே இருந்தார்.