டேக்கை மட்டும் வெட்டாதே

மூத்த மகளின் பிரசவத்துக்குத் துணையிருக்க என்று சொல்லித்தான் அம்மா வெளிநாட்டுக்கு விமானம் ஏறினாள். இரண்டு மாதம் இருப்பதாகப் பேச்சு. வந்த அன்று பெரியவள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அம்மாவின் பெரிய பெட்டியைத் திறந்தாள். உள்ளே இன்னொரு பெட்டி. அதற்குள் இன்னொன்று. அந்தக் கடைசிப் பெட்டியில் மாற்றுத்துணி நான்கும் ஒரு சீப்பும் கிடந்தன.

"காலியா கொண்டாந்தாத்தானே நிறைச்சுக் கொண்டுபோக முடியும்," என்றாள் அம்மா, இதைக்கூடவா கேட்பாய் என்பதுபோல.

இந்த வியாபாரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டதே பெரியவள்தான், பாவம். நாலு வருடம் முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிதில், அம்மாவுக்கென்று ஆசை ஆசையாய் ஒரு கைப்பை வாங்கிக் கொடுத்தனுப்பினாள். அம்மா அதை ஒரு நாள்கூடத் தோளில் மாட்டவில்லை. எதிர்வீட்டுக்காரி கேட்டாளாம், இரட்டை விலைக்குத் தள்ளிவிட்டாளாம். "நல்ல விலை வந்துச்சுடி," என்று போனில் சிரித்த சிரிப்பு இன்னும் பெரியவள் காதில் இருக்கிறது. உடனே தம்பிக்கு மூக்கு வியர்த்துவிட்டது. போனில் ஒரு குழு தொடங்கி 'அக்கா வீட்டுக் கலெக்‌ஷன்' என்று பெயரும் வைத்தான். அதன்பிறகு அப்பா வந்தார், தம்பி இரண்டு முறை வந்தான், சித்தி வந்தாள். எல்லாரும் இவளைப் பார்க்கத்தான் வந்தார்களாம். பார்த்தது என்னவோ தள்ளுபடிக் கடைகளை. இவள் வீடு சத்திரமும் கிடங்குமாக ஆனதுதான் மிச்சம்.

அப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த முறை அப்படியிருக்காது என்று நம்பினாள். பிரசவம் அல்லவா, அதுவும் தலைப்பிரசவம். அம்மா அம்மாவாக வருவாள் என்று நினைத்ததில் தப்பென்ன?

ஆஸ்பத்திரியில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதது உண்மை. அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது நெற்றியைத் தடவியதும் உண்மை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே, "இதோ வந்துடறேன்," என்று கிளம்பியவள் சாயங்காலம்தான் திரும்பினாள், இரண்டு கையிலும் பைகளோடு. மறுநாளும் அதே 'இதோ'. பெரியவளின் வீட்டுக்காரர் ராப்பகலாக உட்கார்ந்து மரத்தொட்டில் ஒன்றைப் பொருத்தி வைத்திருந்தார். அதில் இப்போது கைப்பைகள் படுத்திருந்தன. பிள்ளை கட்டிலில், இரண்டு தலையணைக்கு நடுவில்.

"நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றாள் கணவனிடம்.

அவர் பஸ் ஓட்டுகிறவர். காலை ஆறு மணிக்குப் போனால் மாலைதான் வருவார். "உங்க அம்மாவாச்சு, நீயாச்சு. மாப்பிள்ளை வாயைத் திறந்தா அது வேற மாதிரி ஆயிடும்," என்று சாவியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார்.

பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள் காலை அம்மா ஒரு மஞ்சள் கவுனை விரித்துக் காட்டினாள். "என் பேத்திக்கு. பாட்டி கையால முதல் துணி."

பெரியவளுக்கு அத்தனை கோபமும் கரைந்துபோயிற்று. அவள் மனசு அப்படிப்பட்ட மானங்கெட்ட மனசு. அம்மாவே பிள்ளைக்குப் போட்டுவிட்டாள், நாலைந்து போட்டோ எடுத்தாள். பிள்ளை வீல்வீலென்று கத்தியது. எடுத்துப் பார்த்தால் பிடரியில் சிவப்பாக ஒரு தடிப்பு. கழுத்துப் பட்டிக்குள் விலை அட்டை மடித்துச் செருகியிருந்தது. அதன் பிளாஸ்டிக் நூல் பிஞ்சுத் தோலை அறுத்துக்கொண்டிருந்தது. பெரியவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஏய், டேக்கை மட்டும் வெட்டாதே!" அம்மா பாய்ந்து கையைப் பிடித்தாள். "டேக் போச்சுன்னா பழைய துணிம்பாங்க. யாரு வாங்குவா? போட்டோதான் எடுத்தாச்சே, கழட்டிடு."

கழற்றினாள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து அம்மாவின் வியாபாரக் குரல் கேட்டது. போனைச் சுவரில் சாய்த்து வைத்து ஊரில் இருக்கிறவர்களுக்கு நேரலையில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த மஞ்சள் ஒண்ணுதான் இருக்கு, என் பேத்தியே போட்டுக் காட்டினா, பாத்தீங்கல்ல? தபால் எல்லாம் எதுக்கு, வர்ற வெள்ளிக்கிழமை நானே வந்துடறேன். கையிலேயே குடுத்துடறேன்."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்.

"வெள்ளிக்கிழமை போறியாம்மா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்." அம்மா துணியை மடித்தபடியே பேசினாள். "பள்ளிக்கூடம் திறக்கற சமயம்டி. இப்ப விட்டா சரக்கு தூங்கிடும். தம்பிதான் டிக்கெட் தேதியை மாத்தினான். நீ சாமர்த்தியக்காரி, சமாளிச்சுக்குவே."

"தையல் இன்னும் ஆறலம்மா எனக்கு."

"எனக்கெல்லாம் யாரு வந்து பாத்தாங்க?" என்று சொல்லிவிட்டு அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். கடைகளில் கடைசியாக ஒரு சுற்று பாக்கி இருந்ததாம்.

கதவு சாத்தியதும் பெரியவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்ப்பட்ட பேருக்குத் தெரிந்திருக்கிறது, பெற்ற மகளுக்குத் தெரியவில்லை. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கைப்பை, சட்டை, செருப்பு, கவுன், ஒன்றின் டேக்கையும் விடவில்லை. நறுக், நறுக், நறுக். தையல் சுண்டி இழுத்தது, நிறுத்தவில்லை. தொட்டிலையும் காலி செய்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கி அதில் கிடத்தினாள். மஞ்சள் கவுனை மட்டும் கடைசியில் டேக்கை வெட்டிப் பிள்ளைக்குப் போட்டுவிட்டாள். இப்போது அது கத்தவில்லை.

அம்மா திரும்பி வந்தபோது கூடத்து நடுவில் விலை அட்டைகள் குப்பையாய்க் குவிந்திருந்தன. அவள் ஒரு பையை எடுத்துப் பிடியைத் தடவினாள், இன்னொன்றை எடுத்தாள், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று பெரியவள் தயாராக நின்றாள். அம்மா திட்டவில்லை. கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"வெள்ளிக்கிழமை போக வேணாம். இன்னும் ரெண்டு வாரம் இருக்கேன்."

பன்னிரண்டு நாளாகப் பெரியவள் கேட்கக் காத்திருந்தது 'இருக்கேன்' என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான்.

"இதெல்லாம் இனி விலை போகாது. மறுபடி எல்லாம் வாங்கி முடிக்க அவ்வளவு நாளாவது ஆகும்," என்று அம்மா முடித்தாள்.

பெரியவள் தொட்டிலருகே போய் நின்றுகொண்டாள். "வேணாம்மா. வெள்ளிக்கிழமையே கிளம்பு."

அம்மா மூன்று பெட்டிகளையும் பார்த்தாள். "காலியாவா?"

"வரும்போது அப்படித்தானே வந்தே."