இடது மரை நத்தை

சனிக்கிழமை ஒரு மணிக்கு வேலை முடிந்து குழாய்க்காரர் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவர் மனைவி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தாள். பதினோரு நாளாக அந்த மேசையை விட்டு நிமிராதவள்.

"முடிஞ்சுதுங்க. கிட்ட வராதீங்க, மை இன்னும் காயல."

"அப்ப இங்கேயே நின்னு கும்பிட்டுக்கவா?"

"கையைக் கழுவிட்டு வாங்க. ஒரே கிரீஸ்."

கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துப் பல்கலைக்கழகம் போனவள். செடி, பூச்சி, பறவையை உள்ளது உள்ளபடி வரைவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்றபோது, "போட்டோ எடுத்தா ஆச்சு, இதுக்கு மூணு வருஷமா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இது கடைசி வருஷத்துக் கடைசிப் படம். போன தடவை மகளுக்குக் காய்ச்சல் வந்து படம் பாதியில் நின்றது, தேறாமல் போனாள். இன்னும் ஒரே தடவைதான், அதற்குமேல் கிடையாது என்று துறையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். திங்கள் காலை பத்து மணிக்குப் படம் பேராசிரியர் மேசையில் இருக்கவேண்டும்.

அவர் கழுவிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். கட்டைவிரல் நுனியளவு நத்தை ஓடு, அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது. அத்தனையும் புள்ளி. நெருக்கி வைத்த இடம் நிழல், விட்டுவிட்டு வைத்த இடம் வெளிச்சம். எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்ன, எப்படி இருக்கு?"

"பிரமாதம்" என்றார். மனசார வந்த சொல்தான். ஆனால் கண்ணில் ஏதோ உறுத்தியது. இருபது வருஷமாகக் குழாயும் மரையுமாகவே பழகின கண். மேசைமேல் ஒரு தீப்பெட்டியில், பஞ்சுக்கு நடுவில் அந்த ஓடு இருந்தது. எடுத்துக் கூர்முனையை மேலே வைத்துப் பிடித்தார். நத்தை வெளியே வரும் வாய் வலது பக்கம் இருந்தது. படத்திலோ இடது பக்கம். ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படித் திருப்பினாலும் மரை மாறாது என்பது அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தட்டு வைத்தாள். அவள் பாடி எத்தனை வாரம் ஆயிற்று! அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சொல்லாமல் விட்டால் என்ன? இத்தனை ஆயிரம் புள்ளியை விட்டுவிட்டு வாய் எந்தப் பக்கம் என்றா அந்தப் பேராசிரியர் அம்மா பார்க்கப்போகிறது? ஆனால் மரை கோணலாக ஏறினது தெரிந்தும் மேலே பூசி மூடிவிட்டுப் போன ஒருத்தனைப் போன மாசம்தான் கிழி கிழியென்று கிழித்திருந்தார்.

"ஏம்மா, நத்தையில வலது மரை, இடது மரைன்னு உண்டா?"

"என்னது?"

"பெட்டியில இருக்கிறது வலது மரை. நீ போட்டிருக்கிறது இடது மரை."

"உங்களுக்குத்தான் மரை கழண்டுபோச்சு" என்று சிரித்துக்கொண்டே போனவள், ஓட்டைப் படத்தின் பக்கத்தில் வைத்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மெல்லிய தாளில் முதலில் பென்சிலால் வரைந்து, தாளின் முதுகில் பென்சில் தூளைத் தேய்த்து, அதே கோட்டின்மேல் மறுபடி இழுத்து அட்டைக்கு மாற்றுவது முறை. அவள் அவசரத்துக்குத் தாளையே கவிழ்த்துப்போட்டு அழுத்தித் தேய்த்திருந்தாள். படம் அட்டையில் இறங்கியது, இடம் வலமாகி. இத்தனை நாள் வண்டையும் பட்டாம்பூச்சியையும் இப்படித்தான் மாற்றினாள். அதுகளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதால் பிழைத்தாள். புள்ளி வைத்தபோதும் லென்ஸ் வழியே நகத்தளவு இடத்தைத்தான் பார்த்தாளே தவிர, முழு ஓட்டையும் பார்க்கவில்லை.

"பேசாம இருந்திருக்கக் கூடாதா நீங்க?"

"இருந்திருக்கலாம்."

"இருந்திருந்தா நிம்மதியா ஒரு தூக்கம் தூங்கியிருப்பேன்." மூக்கை உறிஞ்சினாள். "இந்த வகையில இடது பக்கம் சுத்துறது ஆயிரத்துல ஒண்ணுகூடத் தேறாது. இதைக் கொடுத்தா, நத்தையைப் பார்க்காமலே வரைஞ்சேன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி."

எழுந்து புது அட்டையை மேசையில் ஒட்டினாள். "கீழ்ச் சுத்துக்கு மட்டும் புள்ளி. மேல வெறும் கோடு. அப்படியும் வரையிறது உண்டு. அதுக்கு மேல நேரமில்ல."

ஞாயிற்றுக்கிழமை பூராவும் அடுப்படி அவர் பொறுப்பு. மகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனார், துணி துவைத்தார். வாயைத் திறக்காமல் இருந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

திங்கள் காலை, வேலைக்குப் போகிற வழியில் அவளைக் கொண்டுபோய் இறக்கினார். கருவிப் பையோடு தாழ்வாரத்தில் நின்றார். கதவு திறந்தே இருந்தது. பேராசிரியர் படத்தைத் தொடவில்லை. முதலில் தீப்பெட்டியைத் திறந்தார், ஓட்டைக் கூர்முனை மேலாகப் பிடித்தார், வாய் எந்தப் பக்கம் என்று பார்த்தார். பிறகுதான் படத்துக்கு வந்தார். வெளியே குழாய்க்காரர் எட்டிப் பார்ப்பதை நிறுத்திச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"ஏன் பாதியில நிறுத்திட்டீங்க?"

"முதல்ல போட்டது இடம் வலமாப் போச்சு மேடம். தாளைக் கவிழ்த்துட்டேன்."

"எப்பப் பார்த்தீங்க?"

"சனிக்கிழமை. நான் பார்க்கல, வீட்டுக்காரர்தான் பார்த்தார்."

பேராசிரியர் லென்ஸை எடுத்துக் கீழ்ச் சுற்றை வெகுநேரம் பார்த்தார். "அளவு சரி. சுத்து எண்ணிக்கை சரி. பெரிய மார்க்கெல்லாம் எதிர்பார்க்காதீங்க. தேறிட்டீங்க."

வெளியே வந்தவளிடம், எல்லாம் காதில் விழுந்தும் விழாதவர்போல "பாஸா?" என்று கேட்டார்.

"பாஸ்தான். நூல்ல தொங்குது."

"தொங்கட்டும். மரை ஏறிடுச்சுல்ல?"

பழைய படத்தைக் கிழிக்கப்போனாள். அவர் விடவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டுபோய்க் குழாய்க் கிடங்கில் மாட்டிவைத்திருக்கிறார். "இதுல என்ன தப்பு, சொல்லுங்க பார்ப்போம்" என்று வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்கிறார். இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை. அவரே சொன்னபிறகு மட்டும், "பார்த்தவுடனே எனக்கும் தோணுச்சு" என்கிறார்கள்.