நான்காம் அலைவரிசை காலி

1

இந்தக் கதையை எழுத வைத்தது பயம்தான். வேறு காரணம் சொன்னால் நம்பாதீர்கள். 1983-இல் ஈப்போ நகரத்தில் வயர்லெஸ் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு பெட்டி செய்தேன். அதைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்களோ என்று ஐந்து வருஷமாகப் பயந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அது அதைவிடப் பயமாக இருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சுண்ணாம்பு மலைகளின்மேல் கார்மேகம் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு..."

(சீ! மலையும் மேகமும் எதற்கு? பின்னால் ஒளிந்துகொள்ளத்தான்.)

2

டாக்சி முதலாளி அபுபக்கர் பாயிடமிருந்து தொடங்குகிறேன். அப்போது எங்களுக்கு இருந்தது ஆறே அலைவரிசை. அதில் பேச இருபது கம்பெனி அடித்துக்கொண்டன.

"தம்பி ஜெயபாலா, பாசார் மாதிரி ஒரே கூச்சலா இருக்குலா. நான் என் டாக்சிய கூப்பிட்டா எவனோ லாரிக்காரன் 'வாரேன்'ங்கிறான். எந்தச் சேனல் காலின்னு பாத்துப் பாத்து மாத்த எங்கிட்ட ஆளு இல்ல."

"ஆளே வேணாம் பாய். பெட்டியே பாத்துக்கும்."

பெட்டி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஆறு அலைவரிசைகளையும் கேட்கும். எதில் பேச்சுக் குறைவோ, பாயின் அத்தனை டாக்சிகளையும் தானாக அங்கே மாற்றிவிடும். அடேயப்பா, என்ன பெருமை எனக்கு! ஒரு மாதம் புது மாப்பிள்ளை மாதிரி நடந்தேன்.

(பேச்சு இல்லாத இடம் காலி இடம் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவன் நான். இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?)

3

நான்காவது அலைவரிசை எப்போதும் அமைதியாக இருக்கும். பத்துகாஜா பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு உரியது அது. பெரிய தோட்டத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும். சின்னத் தோட்டங்கள் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அதைக் கூப்பிடும். வாரக்கணக்கில் அதில் ஒரு சத்தமும் கேட்காது. அதனால் பெட்டிக்கு அது பிடித்துப்போனது; பாயின் டாக்சிகளை அங்கேயே கொண்டுபோய் விட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

இனி செல்லாயி. ஒரு சின்னத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அன்று மழைப் பிற்பகல். மருந்து கொடுக்கும் டிரெசர் லீவில் போயிருந்தார். ரப்பர் பால் வெட்டும் வீரம்மாவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. செல்லாயி ஓடிப்போய் வயர்லெஸைத் திறந்தார்.

"பாய், ஸ்டேசன் முன்னால நிக்கிறேன்லா..."

"மச்சான், ரோட்ல தண்ணி, சுத்திப் போ..."

டாக்சி, டாக்சி, மறுபடியும் டாக்சி. செல்லாயி மைக்கைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். ஏனென்றால் தோட்டத்துத் துரை அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், யாராவது பேசினால்...

இல்லை. துரை சொல்லவில்லை. அந்த வயர்லெஸைக் கொண்டுபோய் மாட்டியவன் நான். நான்தான் சொன்னேன்.

"அக்கா, யாராச்சும் பேசிக்கிட்டிருந்தா பட்டன அமுக்காதீங்க. அவங்க முடிக்கட்டும். குறுக்க பேசினா ரெண்டு பேர் பேச்சும் கேக்காது."

"சரிங்க தம்பி."

கணக்கெழுதும் கிராணி பேசினாலும் கங்காணி பேசினாலும் முடியும்வரை வாய் திறக்காமல் வளர்ந்தவர் அவர். நான் சொன்னதை அப்படியே செய்தார். நாற்பது நிமிஷம்.

4

முடிவு அ: ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. (நாலு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன்.)

முடிவு ஆ: செல்லாயி பட்டனை அமுக்கி, "எல்லாரும் வாய மூடுங்கடா! இங்க ஒரு பொம்பள சாவுறா!" என்று கத்துகிறார். ஈப்போவில் ஒரு டாக்சியும் மூச்சுவிடவில்லை. எனக்குப் பிடித்த முடிவு இதுதான்.

நடந்தது: தோட்டத்து டிரைவர் சின்னையா ஓட்டிய ரப்பர் பால் லாரியில் ஏற்றினார்கள். பத்துகாஜா ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே வீரம்மா இறந்துவிட்டார். பிள்ளை பிழைத்தது.

செய்தி கேட்ட அன்றே பெட்டியைக் கழற்றினேன். "சூடாகிப் போச்சு பாய், இனி ஓடாது" என்று பொய் சொன்னேன்.

5

போன வாரம் முடிவு ஆ உள்ள கதையை எடுத்துக்கொண்டு செல்லாயியைப் பார்க்கப் போனேன். தோட்டத்தை விட்டுவிட்டு இப்போது ஈப்போ ஓரத்துக் குனோங் ராபாட்டில் மகளோடு இருக்கிறார். படித்துக் காட்டினேன். பெட்டி வரும் பக்கங்களை மட்டும் தாண்டிவிட்டேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா நான் அப்படிக் கத்தலையே. கத்தியிருந்தா அவ இருந்திருப்பா. வாயடச்சு உக்காந்திருந்தேனே, பாவி! அவ மகனப் பாக்குறப்பல்லாம் அதான் நெனப்பு வருது. அந்தப் பாவம் என்னோடதுதான்."

"அக்கா, அது உங்க தப்பு இல்ல. அந்த டாக்சிங்க அங்க வந்ததே நான் செஞ்ச..."

மேலே உள்ள வரி வீட்டுக்கு வந்தபிறகு எழுதியது.

"டீ ஆறுது தம்பி, குடிங்க" என்றார். குடித்தேன்.

6

ஆகவே இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. வழி மட்டும் சொல்கிறேன். குனோங் ராபாட், மலையடியில் கடைசி வரிசை வீடுகள், நீலக் கேட். நாலு மணிக்கு மேல் போனால் இருப்பார். வாசகரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், நீங்கள் போய் அவரிடம் பெட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். நான் போனால் மறுபடியும் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.